மூன்று மணி பஸ்ஸில் இரண்டு செய்தி

மன்னார்குடி
4-1-1970

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சாரங்கபாணி எழுதுவது. நானும் அம்சவல்லியும் இங்கே சுகம். மங்களத்துக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அவளே நாலு வரி எழுதினால் தேவலை. தங்கை கையெழுத்தைப் பார்த்து ஆறு மாதமாகிறது.

இனி சண்டைக்கு வருகிறேன். போன வாரம் பாமணி ஆற்றுப் படியில் வழுக்கி விழுந்து இறந்துபோன தனபாக்கியம் அம்மாளைப் பற்றி ஐந்து வரி எழுதி அனுப்பினேன். வயது அறுபத்து மூன்று என்று தெளிவாக எழுதியிருந்தேன். நம் பத்திரிகையில் வந்தது என்ன? "ஆற்றில் அழகி பிணம்! காதல் விவகாரமா?" மாப்பிள்ளை, அந்த அம்மாளுக்குப் பேரன் கல்லூரியில் படிக்கிறான். அவள் மகன் பஞ்சநதம் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றார். "எங்க அம்மா சார் அது. இன்னும் பதினாறாம் நாள் காரியம்கூட முடியலை சார்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த ஊரில் உங்கள் பத்திரிகைக்கு ஏஜெண்டும் நான், நிருபரும் நான். நோட்டுப் புத்தகமும் பேனாவும் விற்கிற கடையில் உட்கார்ந்துகொண்டு எல்லார் முகத்திலும் விழித்தாக வேண்டியவன். நீங்கள் திருச்சியில் மாடியில் உட்கார்ந்து 'அழகி' என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

அப்புறம் இந்த அடுக்குமொழி. வாய்க்கால் தகராறுக்கு "கழனியில் கலவரம்! கைகலப்பில் கலங்கிய கிராமம்!" என்று தலைப்பு. மேடையில் பேசினால் கை தட்டுவார்கள், சரி. செய்திக்கு எதற்கு? யார், எங்கே, எப்போது என்று கேட்டால் பதில் இல்லை. எதுகை மோனை மட்டும் இருக்கிறது. படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

ஞானாம்பாளுக்குப் பேசிய வரன் என்ன ஆயிற்று? எழுதுங்கள்.

இப்படிக்கு,
சாரங்கபாணி


திருச்சி
9-1-1970

அன்புள்ள மச்சானுக்கு,

துரைராசு வணக்கம். உங்கள் கடிதம் படித்தேன். மங்களத்திடமும் படித்துக் காட்டினேன். "அண்ணன் சொல்றது நியாயந்தானே" என்று அவள் உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டாள். வீட்டிலும் எனக்கு ஆதரவில்லை.

'அழகி' நான் போட்டதில்லை. ஆனால் அதை நான் அடித்துத் திருத்தவும் இல்லை. சென்னையிலிருந்து வந்திருக்கும் புது மேனேஜருக்கு எதிலும் விறுவிறுப்பு வேண்டும். "கிழவி செத்ததை யார்யா படிப்பா?" என்று கேட்கிறார். பதினெட்டு வருஷம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டேன். முதல் பத்து வருஷம் இதற்கெல்லாம் சண்டை போட்டேன். இப்போது முடியவில்லை மச்சான். ராத்திரி வீட்டுக்கு வந்தால் சோறு இறங்குவதில்லை.

இன்னொரு தலைவலி. வெளியூர்ப் பதிப்பை இனி ஏழரை மணிக்கே முடித்துவிட வேண்டுமாம். நீங்கள் கூட்டம் முடிந்து எழுதி பஸ்ஸில் அனுப்பினால் மறுநாள் பேப்பருக்கு வராது. போட்டிப் பத்திரிகையில் வந்துவிடும், நம்மைத் திட்டுவார்கள். அதனால் ஒரு யோசனை. தேர்தல், பேச்சுவார்த்தை என்று முடிவு தெரியாத விஷயமாக இருந்தால், முன்கூட்டியே இரண்டு விதமாக எழுதி, ஒன்றுக்கு 'அ', ஒன்றுக்கு 'ஆ' என்று போட்டு, மூன்று மணி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள். நான் இரண்டையும் அச்சுக் கோத்து வைத்திருப்பேன். முடிவு தெரிந்ததும் டிரங்க் கால் போட்டு 'அ' அல்லது 'ஆ' என்று ஒரே எழுத்து சொன்னால் போதும். நமக்குள் இருக்கட்டும்.

ஞானாம்பாளுக்கு வரன் திகைந்துவிட்டது. பையன் மின்சார வாரியத்தில் வேலை. மார்ச் 12 முகூர்த்தம். தாய்மாமன் நீங்கள் இல்லாமல் பந்தக்கால் ஊன்ற முடியாது.

அன்புடன்,
துரைராசு


மன்னார்குடி
21-1-1970

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஞானாம்பாள் சேதி கேட்டு அம்சவல்லி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ரொம்ப சந்தோஷம்.

உங்கள் யோசனைப்படி கூட்டுறவுச் சங்கத் தேர்தலுக்கு இரண்டு விதமாக எழுதினேன். தோற்றவர் ஜெயித்ததாகவும் ஒரு தாளில் எழுத வேண்டியிருந்தது. "தொண்டர்கள் மாலை அணிவித்தனர்" என்று மாலைகூடப் போட்டுவிட்டேன், பாவம். ஏழு மணிக்கு போன் கிடைத்தது, 'ஆ' என்றேன். காலையில் நம் பேப்பரில் மட்டும்தான் சரியான முடிவு. ஊரே பாராட்டியது. எனக்கென்னவோ உள்ளே உறுத்துகிறது. இரண்டில் ஒன்று எப்போதும் பொய். அதையும் நானே என் நல்ல கையெழுத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இப்போது புத்தாற்றங்குடி விவகாரம் முற்றிக்கொண்டு வருகிறது. சம்பா விளைந்து கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. கலத்துக்கு அரைப்படி கூடுதல் கூலி கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் வயலில் இறங்க மறுக்கிறார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து களத்தில் காவலுக்கு வைத்திருக்கிறார். எல்லார் கையிலும் கழி. பிப்ரவரி 2ம் தேதி தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை. தொழிலாளர் சங்கத்தின் சார்பில் அதன் தலைவர் அய்யாக்கண்ணு வருகிறார்.

அந்த ஊரில் நல்லக்கண்ணு என்று ஒருவர். கூலி வேலைதான். இராப்பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்தவர். விடியற்காலை பஸ்ஸில் நம் பேப்பர் வந்ததும் டீக்கடையில் நின்றுகொண்டு தலைப்பிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசிப்பார். அவர் வாசிக்கும்போது யாரும் பேசமாட்டார்கள். போன மாதம் என் கடைக்கு வந்து, "சார், வியாழக்கிழமை போட்ட ரேஷன் செய்தியும் சனிக்கிழமை போட்டதும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குது. நான் எதைச் சொல்றது?" என்று கேட்டார். அப்படி ஒரு வாசகர் எனக்கு இருக்கிறார். நீங்கள் மாடியில் பேனாவை எடுக்கும்போது அவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சாரங்கபாணி


மன்னார்குடி
4-2-1970

மாப்பிள்ளைக்கு,

என்ன செய்துவிட்டீர்கள்?

முந்தாநாள் 'அ', 'ஆ' இரண்டையும் மூன்று மணி பஸ்ஸில் அனுப்பியிருந்தேன். பேச்சுவார்த்தை ஐந்து மணிக்கு முறிந்தது. மிராசுதார் தரப்பு எழுந்து போய்விட்டது. அய்யாக்கண்ணுவும் கூட வந்தவர்களும் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போய் மறுநாள்தான் விட்டது. அதனால் முடிவு என்னவென்று சொல்ல ஊருக்கு ஒருவரும் திரும்பவில்லை.

ஐந்து பத்துக்கு நான் தபாலாபீசில் திருச்சிக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். போன் பார்க்கும் சேக் தாவூது தம்மால் ஆனதெல்லாம் செய்தார். லைன் கிடைக்கவில்லை. எட்டு மணிக்கு ஆபீசைப் பூட்டும்வரை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போன் வராவிட்டால் செய்தியை நிறுத்தி வைப்பீர்கள் என்று நம்பினேன். வேறு எதை நம்புவது?

நேற்றுக் காலையில் கட்டைப் பிரித்தால் 'அ'. "சுமுக முடிவு! சம்பா அறுவடை இன்று தொடக்கம்! சண்டை தீர்ந்து சமாதானம்!"

புத்தாற்றங்குடிக் கட்டை அதே பஸ் அதற்கு முன்பே வழியில் போட்டுவிட்டு வந்திருந்தது. கடையைக்கூடப் பூட்டாமல் சைக்கிளை எடுத்தேன். ஏழு மைல். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நல்லக்கண்ணு வாசித்திருக்கிறார். இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பிறகு பதினான்கு பேர், ஆணும் பெண்ணுமாக, கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு வேலை. சிரித்துப் பேசிக்கொண்டு போனார்களாம். களத்தில் இருந்த ஆட்களுக்கு என்ன தெரியும்? கையில் அரிவாளோடு கும்பலாக வருகிறார்கள் என்று பாய்ந்துவிட்டார்கள். நல்லக்கண்ணு பேப்பரை உயர்த்திப் பிடித்து, "பேசி முடிஞ்சிருச்சுய்யா, பேப்பர்லயே போட்டிருக்குய்யா" என்று கத்தியிருக்கிறார். அந்தக் கையில்தான் முதல் அடி.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் அவருடைய வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கு நம் பேப்பரில் வந்திருப்பதையும் பார்த்தேன். "அரிவாளுடன் பாய்ந்த கும்பல்! இரு கோஷ்டி மோதல்!" இது நான் அனுப்பியதே இல்லை. யார் எழுதியது?

சாரங்கபாணி


திருச்சி
8-2-1970

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படிக்க முடியவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்து படித்தேன்.

ஏழேகால் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தில் உங்கள் செய்திக்கு விட்ட இடம் பொக்கையாகக் கிடந்தது. மேனேஜர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். அ, ஆ விஷயம் அவருக்குத் தெரியாது. உங்களிடமிருந்து செய்தி வந்துவிட்டதாகத்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். கையில் இரண்டும் இருந்தன. சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்து பேசினால் முக்கால்வாசி நல்லபடியாகத்தானே முடியும் என்று நினைத்தேன். நல்லதாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு ஆசையும்கூட. 'அ'வைப் போடச் சொன்னேன். ரொம்பக் களைத்துப் போயிருந்தேன் மச்சான். வேறு காரணம் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

இரண்டாம் நாள் செய்தி போலீஸ் கொடுத்தது. அப்படியே போட்டார்கள்.

நல்லக்கண்ணுவை நீங்கள் போய்ப் பார்த்தீர்களா? என்னால் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை.

துரைராசு


மன்னார்குடி
15-2-1970

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று தஞ்சாவூர் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி தையல்நாயகி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நல்லக்கண்ணு இடது கையால் தலையணைக்கு அடியில் துழாவி ஒரு தாளை எடுத்தார். 3ம் தேதி முதல் பக்கம். ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"சார், இதுல என்ன போட்டிருக்கு? நீங்க ஒரு தடவ படிங்க."

"எதுக்குங்க இப்ப?"

"படிங்க சார். நான் தப்பா படிச்சுட்டேன்னு ஊர்ல சொல்றாங்க. கூட்டிக் கூட்டிப் படிக்கிறவன் தானே, எழுத்த முழுங்கிட்டானாம். அதுகூடப் பரவால்ல. மிராசுக்கிட்ட கைநீட்டிட்டு வேணும்னே மாத்திப் படிச்சு ஆளுங்கள வயல்ல இறக்கிவிட்டுட்டேன்னு சங்கத்துல பேச்சு. இவளையும் டீக்கடைப் பக்கம் வராதேங்குறாங்க."

படித்தேன். என் வரிகளை நானே. "நீங்க படிச்சது சரிதான்" என்றேன். கை போனவர் அதைக் கேட்டு முகம் தெளிந்தார் மாப்பிள்ளை. அதை நான் எப்படி உங்களுக்குச் சொல்வேன்?

பிறகு, "அப்ப எழுதுனது யாரு சார்?" என்றார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்தாள். நான் வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். இருபத்தைந்து மைல் பஸ்ஸில் வரும்போது என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அவர் சரியாகப் படித்தார், செய்திதான் தப்பு என்று நம் பத்திரிகையே போட வேண்டும். ஊர் நம்புவது அச்சைத்தான். தலைப்பு எதுகை மோனையோடு இருந்தாலும் சரி, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மூன்று வரி போதும்.

சாரங்கபாணி


திருச்சி
18-2-1970

அன்புள்ள மச்சானுக்கு,

திருச்சியில் உள்ள சங்கத்துக்காரர்கள் அந்த இரண்டு செய்தியையும் கண்டித்துக் கறுப்புக் கொடியோடு ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அதனால் திருத்தம் போட மேனேஜர் சம்மதித்துவிட்டார். ஆனால் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்கிறார். முடிவு தெரியாத செய்தியை நானே தேர்ந்தெடுத்துப் போட்டேன் என்று சொன்னால் அன்றைக்கே வேலை போய்விடும். கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் என் உத்தியோகத்தைப் பார்த்துத்தான் பெண் எடுக்கிறார்கள்.

கேட்கக் கூசுகிறது, கேட்கிறேன். போனில் முடிவைத் தவறாகச் சொல்லிவிட்டதாக நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் திருத்தம் உடனே வந்துவிடும். நல்லக்கண்ணு பேர் தெளிந்துவிடும். உங்களுக்கு இது பகுதி நேர வேலை, கடை இருக்கிறது. எனக்கு இதைவிட்டால் ஒன்றும் தெரியாது. நீங்கள் முடியாது என்றாலும் நான் தப்பாக நினைக்கமாட்டேன். ஆனால் அப்போது திருத்தம் வருமா என்று எனக்குத் தெரியாது.

துரைராசு

அண்ணே, மங்களம் எழுதுறேன். இவங்க ராத்திரியெல்லாம் தூங்காம உக்காந்திருக்காங்க. என்ன ஏதுன்னு எனக்கு முழுசா சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிதான்.


மன்னார்குடி
22-2-1970

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் கேட்ட கடிதம் கையெழுத்துப் போட்டு இத்துடன் இருக்கிறது.

நாலு நாள் யோசித்தேன். 'அழகி'க்காக உங்களோடு சண்டை போட்டவன் நான். இந்த ஒரு திருத்தத்துக்கு நானே பொய் எழுத வேண்டியிருக்கிறது. முழுப் பொய் என்றும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அந்த 'சுமுக முடிவு' இன்னும் தொடங்காத பேச்சுவார்த்தைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு என் கடையில் உட்கார்ந்து நான் எழுதியதுதானே. மங்களத்தைத் தூங்கச் சொல்லுங்கள்.

சாரங்கபாணி


திருச்சி
27-2-1970

அன்புள்ள மச்சானுக்கு,

திருத்தம் இன்று ஆறாம் பக்கத்தில் வந்திருக்கிறது. ஊர்ப் பேரைப் 'புத்தகரம்' என்று மாற்றிக் கோத்துவிட்டார்கள். நான் பார்ப்பதற்குள் அச்சேறிவிட்டது, மன்னிக்கவும். நீங்கள் செய்ததை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். பத்தாம் தேதியே குடும்பத்தோடு வந்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை தனியாக அனுப்பியிருக்கிறேன்.

துரைராசு


மன்னார்குடி
20-3-1970

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஞானாம்பாளும் பையனும் பொருத்தமாக இருந்தார்கள். அங்கே சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

திருத்தம் வந்ததற்கு மறுநாள், நல்லக்கண்ணு ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பினார். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு புத்தாற்றங்குடி டீக்கடைக்குப் போனேன். அய்யாக்கண்ணுவை வரச் சொல்லியிருந்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். நானே உரக்க வாசித்தேன். "புத்தாற்றங்குடிப் பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்ததாக வெளியான செய்தி, எமது மன்னார்குடி நிருபர் தொலைபேசியில் தவறாகத் தெரிவித்ததால் ஏற்பட்டது. வருந்துகிறோம்." ஊர்ப் பேரைச் சரியாக வாசித்தேன்.

அய்யாக்கண்ணு எழுந்து, "நல்லக்கண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. இனிமே யாரும் அவரைப் பத்திப் பேசப்படாது" என்றார். தையல்நாயகி அழுதார். நினைத்தது நடந்துவிட்டது என்று நானும் மூச்சு விட்டேன்.

நல்லக்கண்ணு இடது கையை நீட்டிப் பேப்பரை வாங்கினார். மேஜைமேல் விரித்துவைத்து, கூட்டிக் கூட்டி, தானும் ஒரு தடவை வாசித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊர்ப் பேரு தப்பா இருக்கு சார். நீங்க சரியா மாத்திப் படிச்சீங்க."

"ஆமாங்க."

"இவ்வளவு பாத்துப் பாத்துப் படிக்கிறவங்க, அன்னைக்கி போன்ல எப்புடி சார் தப்பா சொன்னீங்க?"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். "தப்பு ஆயிடுச்சுங்க" என்றேன். அவர் பேப்பரை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டார். இப்போது அந்த டீக்கடையில் யாரும் பேப்பர் வாசிப்பதில்லை. இரண்டு நாள் கட்டு பிரிக்காமலே கிடந்தது. இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதையும் தாங்கிக்கொண்டேன். கல்யாணப் பந்தலில் உங்கள் மேனேஜர் என்னைப் பார்த்து, "ஓகோ, போன்ல தப்புத் தப்பா சொல்ற மன்னார்குடி நிருபர் நீங்கதானா?" என்று சிரித்தார். நீங்கள் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றீர்கள். நீங்களும் சிரித்தீர்கள் மாப்பிள்ளை. பேசாமல் இருந்திருந்தால் போதும். எனக்கு அது தாங்கவில்லை.

ஊர் திரும்பிய அன்று சேக் தாவூது கடைக்கு வந்தார். அவரும் திருத்தத்தைப் படித்திருக்கிறார். "சார், உங்களுக்கு லைனே கிடைக்கலையே! புக்கிங் சீட்டு என்கிட்ட இருக்கு. இதைக் காட்டுங்க, எங்க வேணாலும் வந்து நான் சாட்சி சொல்றேன்" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சீட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். "2-2-70. திருச்சி. பதிவு மாலை 5.10. லைன் கிடைக்கவில்லை. இரவு 8.00 ரத்து." அந்த நாளைப் பற்றி யார் எழுதியதிலும் இது ஒன்றில்தான் தப்பில்லை. என்னிடம் இருந்தால் என்றைக்காவது எடுத்துக்கொண்டு நல்லக்கண்ணு வீட்டுக்குப் போய்விடுவேன் என்று பயமாக இருக்கிறது. உங்களிடம் இருக்கட்டும். வைத்துக்கொள்வதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம்.

ஏஜென்சியையும் நிருபர் வேலையையும் இந்த மாதத்தோடு விட்டுவிட்டேன். மூன்று மணி பஸ்ஸில் இனி என் கவர் வராது, ஆளை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். மங்களத்துக்கு நான் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

சாரங்கபாணி